சீரியலில் வரும் மனநோயும் வீட்டில் வரும் மனநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, பவானி, அந்தியூர், பெருந்துறை என்று ஈரோடு மாவட்டத்துக்குள் சுற்றுகிற வேலை என்னுடையது. மகளிர் குழு, பனியன் கம்பெனி, பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டம் என்று எங்கே மனநலம் பற்றிப் பேசப் போனாலும், முதல் கேள்வி முந்தின நாள் ராத்திரி சீரியலில் பார்த்ததைப் பற்றித்தான் வரும். கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த சீரியலின் பெயரையும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு கதைக்குள் போய்விடும், திரும்பி வராது. இது பொதுவான விளக்கம்தான். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

சீரியல்ல காட்டறதெல்லாம் நெசமா இருக்கறதுதானுங்களா?

சில அறிகுறிகள் நிஜம்தான். காதில் யாரோ பேசுவது போலக் கேட்பது, தன்னை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்ற பயம், தனியாகச் சிரிப்பது எல்லாம் உண்டு. ஆனால் கதைக்கு ஒரு திருப்பம் வேண்டும் என்றுதான் சீரியலில் நோயைக் கொண்டுவருகிறார்கள். வில்லிக்குக் கடைசி வாரத்தில் கிடைக்கும் தண்டனை, கதாநாயகிக்கு எதிராக மாமியார் வீட்டில் நடக்கும் சதி, பழிவாங்கப் போடும் வேஷம், கல்யாணத்தைத் தள்ளிப்போட ஒரு விபத்தும் மறதியும். பெரும்பாலும் இவ்வளவுதான்.

2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அது நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெரும்பகுதி மனச்சோர்வு, பதற்றம், குடிநோய். இவர்கள் யாரும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சிரிப்பதில்லை. தறி ஓட்டுவார்கள், சொசைட்டிக்குப் பால் ஊற்றுவார்கள், விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். கேமராவுக்கு அதில் ஒன்றும் இல்லை. வீட்டிலிருக்கிற நமக்கும் அது கண்ணில் படாமல் போகிறது.

கெட்ட சேதி கேட்டதும் சிரிக்க ஆரம்பிச்சர்றாங்களே, ஒரே நாள்ல அப்படி ஆயிருமுங்களா?

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சில நாள் மனம் தடுமாறி, அப்புறம் முழுதாகச் சரியாகிவிடுவது உண்டு. ஆனால் மனச்சிதைவு (சிசோஃப்ரினியா) போன்ற நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் வரும். தூக்கம் மாறும். காலேஜுக்குப் போவது நிற்கும். குளிப்பது குறையும். கூட்டாளிகள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வான். இதெல்லாம் நடந்து ஒரு வருடம் கழித்து அவன் சத்தம் போடுகிற நாளைத்தான் குடும்பம் 'நோய் வந்த நாள்' என்று சொல்லும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர், அதுவும் வயதானவர், இன்று ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினால் மனநோய் என்று முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, தலைக்குள் ரத்தக்கசிவு என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு சீசன் இருக்கிறது. கார்த்திகையில் சபரிமலைக்கும் தையில் பழனிக்கும் மாலை போடும்போது, தினமும் குடித்தவர்கள் சட்டென்று நிறுத்துவார்கள். கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, மேலே பூச்சி ஊர்கிறது, யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று பேசத் தொடங்குவார்கள். வீட்டில் சாமி குத்தம் என்பார்கள். அது குடியை ஒரேயடியாக நிறுத்தியதால் வரும் சன்னி. கவனிக்காவிட்டால் உயிர் போகலாம். விரதத்தை விட வேண்டாம். தினமும் குடிப்பவர் மாலை போடுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுப்படியில கத்தியெல்லாம் ஒளிச்சு வைக்கோணுமா? எப்ப என்ன பண்ணுவாங்கன்னு பயமா இருக்குதுங்க.

மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை. அடி வாங்குகிறவர்களாகத்தான் அதிகம் இருக்கிறார்கள். சிகிச்சை இல்லாமல் நோய் முற்றியிருந்தால், கூடவே குடியோ கஞ்சாவோ சேர்ந்தால், ஆபத்து கூடும். அதுவும் பெரும்பாலும் வீட்டாரிடம்தான். சீரியலில் வருவது போலத் தெருவில் போகிறவரை விரட்டிப்போய் அல்ல. முன்பு ஒருமுறை அடித்திருக்கிறாரா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உண்மையில் பூட்டி வைக்க வேண்டியது தோட்டத்துச் சாளையில் இருக்கும் பூச்சிமருந்தை. அது பிறருக்காக இல்லை, மனமொடிந்து இருப்பவருக்காக. சாவி அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

எம்பையன் நடிக்கறானோன்னு தோணுது. சீரியல்ல அந்தப் பொண்ணு நடிச்சு ஊரையே ஏமாத்துச்சே?

சீரியலால் வருகிற பெரிய கெடுதல் எது என்று என்னைக் கேட்டால், பேய் மாதிரிக் காட்டுவதைவிட இதைத்தான் சொல்வேன். பைத்தியமாக நடிக்கும் கதாநாயகி அடிக்கடி வருகிறாள். தனியறையில் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு, பின்னணியில் இசை. அதைப் பார்த்துப் பழகிய அப்பாவுக்கு, மகன் எழுந்து குளிக்காமல் படுத்தே கிடப்பது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. 'பண்ணயம் பாக்க வலிக்குது, அதனால நடிக்கறான்' என்கிறார்.

மனச்சிதைவில் குரல் கேட்பது, சந்தேகப்படுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பாதி. மறுபாதி, இருந்தது இல்லாமல் போவது: ஆர்வம், பேச்சு, முகத்தில் உணர்ச்சி, எழுந்து ஒரு காரியத்தைத் தொடங்கும் தெம்பு. மருந்துக்கு முதல் பாதி சீக்கிரம் அடங்கும். இந்த மறுபாதி லேசில் அசையாது. திட்டினால் இன்னும் மோசமாகும். சின்ன வேலையாக, நேரம் குறித்து, கூட இருந்து செய்ய வைத்தால் மெல்ல நகரும். கட்டுத்தரைக்குத் தண்ணீர் காட்டுவதில் தொடங்கலாம்.

ஷாக் வெப்பாங்கன்னு சொல்றாங்க, அதுக்குப் பயந்துதான் நாங்க கூட்டிட்டுப் போகலீங்க.

நாற்காலியில் கட்டி, நோயாளி கத்தக் கத்த, சிரிக்கிற டாக்டர் சுவிட்சைப் போடும் காட்சி. நம் மக்கள் மனதில் மனநல மருத்துவம் என்றாலே அதுதான். மின் அதிர்வு சிகிச்சை 1938-இல் இத்தாலியில் தொடங்கியது; ஆரம்ப காலத்தில் மயக்க மருந்து இல்லாமல் கொடுத்தார்கள் என்பது உண்மை. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பதற்கும் தடை. தவிர்க்க முடியாத நிலையில் காப்பாளரின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

நடப்பது இதுதான். காலையில் வெறும் வயிற்றோடு போவார். மயக்க மருந்து கொடுப்பார்கள். சில விநாடி மின்சாரம், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் வலிப்பு. பெரும்பாலும் கால் விரல் அசைவதுதான் வெளியே தெரியும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாக, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. சாப்பிடாமல் பேசாமல் கட்டை மாதிரி ஆகிவிட்டவர், சாக வேண்டும் என்றே இருப்பவர், மருந்து கேட்காத கடுமையான மனச்சோர்வு உள்ளவர் ஆகியோருக்குத்தான் முக்கியமாகக் கொடுப்பார்கள். அந்தச் சில வாரங்களின் நினைவு மங்கலாம், சிலருக்கு அதற்கு முந்தின சில நினைவுகளும் போகலாம். இதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஓ.பி.க்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பேச்சே எழாது. மாத்திரைச் சீட்டோடு மத்தியானம் வீடு போய்ச் சேர்வார்கள்.

ஆஸ்பத்திரின்னா கம்பி போட்ட ரூம்புதானே? கீழ்ப்பாக்கம் வரைக்கும் போகோணுமா?

வேண்டாம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது, அதனால்தான் சினிமாவும் சீரியலும் அந்தப் பெயரை விடுவதில்லை. நமக்கு கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை எல்லாம் பக்கம். மற்ற நோய்க்குப் போகிற அதே கட்டடம், அதே ஓ.பி. சீட்டு, மருந்து இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே கேட்டால் சொல்வார்கள்.

கிளம்பத் தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு இல்லை.

சிசோஃப்ரினியான்னா ஒரே ஆளு ரெண்டு ஆளா மாறுறதுதானுங்களே?

இல்லை. 2005-இல் சில மாத இடைவெளியில் வந்த இரண்டு பெரிய படங்களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ஸ்பிளிட் பெர்சனாலிட்டி தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு சீரியல்காரர்கள் இன்னமும் ஓட்டுகிறார்கள். பகலில் சாது, ராத்திரியில் கொலைகாரன். ஆளுமை பிளவுபடும் கோளாறு என்று தனியாக ஒன்று மருத்துவத்தில் இருக்கிறது. அரிது, பெரும்பாலும் சின்ன வயதில் பட்ட கொடுமையோடு சேர்த்துப் பேசப்படுவது, கொலையோடு அதற்குச் சம்பந்தமில்லை.

சிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு வேறு. ஆள் அதே ஆள்தான். அவர் கேட்பதும் நம்புவதும்தான் நிஜத்திலிருந்து விலகுகிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பது வயதுக்குள் தொடங்கும். ஒரு பேரூராட்சியில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

தலையில அடிபட்டு எல்லாம் மறந்து போய், மறுக்கா அடிபட்டா நெனப்பு வருமா?

வராது. மறுபடி அடிபட்டால் மூளைக்கு இன்னும் சேதம்தான். தலைக்காயத்தில் விபத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நடந்ததுதான் வழக்கமாக மறக்கும். தன் பெயரையும் கட்டிய புருஷனையும் மட்டும் மறந்துவிட்டு, சமையலும் கோலமும் மறக்காமல் இருப்பது தலைக்காயத்தால் வருவதில்லை. தாங்க முடியாத மன நெருக்கடியில் மிக அரிதாக அப்படி நடக்கும். அதற்கும் வைத்தியம் பேச்சுதான், தேங்காய் தலையில் விழுவதல்ல.

பால்ல எதையாச்சும் கலந்து குடுத்து ஒரு ஆளைப் பைத்தியமாக்கி, காட்டை எழுதி வாங்க முடியுமுங்களா?

சீரியலில் இதற்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு வில்லியும் போதும். நிஜத்தில், மனநோய் மாத்திரையை நல்ல ஆளுக்குக் கொடுத்தால் தூக்கம், தள்ளாட்டம், வாய் வறட்சி, கை கால் விறைப்பு வரும். அது விஷமம், குற்றம். ஆனால் மனச்சிதைவை அப்படி உண்டாக்க முடியாது. இந்தக் காட்சியால் நடப்பது என்ன என்றால், மருமகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அம்மா வீட்டார் சந்தேகப்பட்டுத் தூக்கி எறிகிறார்கள்.

சொத்து விஷயம் தெளிவாகவே இருக்கிறது. 2017 சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஒரு டாக்டர் சர்டிபிகேட்டைக் காட்டிக் காட்டையும் தோட்டத்தையும் மாற்ற முடியாது. யாராவது அப்படி மிரட்டினால் வக்கீலைப் பாருங்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவியும் கிடைக்கும்.

வலுக்கட்டாயமாகச் சேர்ப்பதும் அப்படித்தான். மாமியார் கையெழுத்துப் போட்டால் வேன் வந்து தூக்கிப்போகாது. நோயாளியின் நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர், விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து ஒப்ப வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதல் தடவை 30 நாள்தான். சேர்க்கப்பட்டவர் பெண் என்றால் மூன்று நாளுக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் வாரியத்திடம் முறையிடவும் செய்யலாம்.

அப்ப நாங்க சாம்பார்ல மாத்திரையைக் கரைச்சு ஊத்தறது தப்புங்களா? வேற வழியே இல்லீங்க.

முந்தின பதிலைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேட்பது. வில்லி செய்வதை அம்மாக்கள் பாசத்தால் செய்கிறார்கள். ஏன் செய்கிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 'எனக்கு விஷம் வைக்கிறாங்க' என்று ஏற்கெனவே பயந்திருப்பவர் ஒருநாள் தட்டில் வெள்ளைத் துகளைப் பார்த்துவிட்டால், அவர் சந்தேகத்துக்கு ஆதாரமே கிடைத்த மாதிரி. அப்புறம் அந்த வீட்டில் சோறே இறங்காது. அளவும் சரியாக இருக்காது, பக்கவிளைவு வந்தால் ஏன் வருகிறது என்றும் அவருக்குத் தெரியாது. சம்மதம் இல்லாமல் மருந்து கொடுப்பதைச் சட்டமும் ஏற்பதில்லை.

வேறு வழி இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. நாக்கில் கரையும் மாத்திரை உண்டு. மாத்திரை வேண்டாம் என்பதற்கு அவர் காரணம் என்ன என்று கேளுங்கள். உடம்பு ஊதுகிறது, தறிமேல் தூங்கி விழுகிறேன் என்று இருக்கலாம். மருந்தை மாற்றினாலே அது சரியாகும். 'கலந்துதான் கொடுக்கிறோம்' என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.

எங்க ஊர் நோம்பியில சாமி வர்றதும் இதுதானுங்களா?

இல்லை. மாரியம்மன் நோம்பியில் பூவோடு (தீச்சட்டி) எடுக்கும்போதோ கம்பத்தைச் சுற்றி ஆடும்போதோ சாமி வருகிறவர், அந்த இடத்தில் அந்த நேரத்தில் ஆடுவார், திருநீறு போட்டால் இறங்குவார், மறுநாள் மஞ்சள் வேகவைக்கப் போய்விடுவார். ஊரும் அதை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு வைத்தியம் தேவையில்லை. நேரம் காலம் இல்லாமல் வருகிறது, தூக்கம் போய்விட்டது, வாரக்கணக்கில் வேலை நின்றுவிட்டது, அவரே அதனால் துன்பப்படுகிறார் என்றால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். சீரியலில் இரண்டையும் ஒரே மாதிரி எடுக்கிறார்கள்: கண்ணுக்கு மை, காற்றடிக்கும் மின்விசிறி, கடைசியில் ஒரு மந்திரவாதி.

மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலுக்குப் போய் 48 நாள் தங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் போக வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. மாத்திரையைப் பையில் எடுத்துப் போங்கள் என்பேன். ஆனால் சங்கிலி மட்டும் எங்கேயும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிப் போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்று மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது சட்டப்படி முழுக்கத் தடை. இன்னமும் கதாநாயகியைத் தூணில் கட்டிப் போட்டுக் காட்டுகிறவர்களுக்கு அது ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை.

அன்பாப் பாத்துக்கிட்டாலே சரியாயிருதே, அப்புறம் எதுக்கு மாத்திரை?

ஜார்ஜ் பிரவுன் என்பவர் லண்டனில் 1950-களின் கடைசியில் தொடங்கிய ஆய்வுகள் ஒரு விஷயத்தைக் காட்டின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நோயாளியை வீட்டில் ஓயாமல் குறை சொன்னால் நோய் திரும்புவது அதிகம். அந்த வகையில் வீட்டார் நடந்துகொள்ளும் விதம் முக்கியம்தான். ஆனால் அதே ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்லின: எப்போதும் கூடவே நின்று, எல்லாவற்றையும் தானே செய்து, கண்ணீரோடு தன்னைத் தியாகம் செய்வதும் நல்லதில்லை. சீரியல் 'அன்பு' என்று காட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.

மாத்திரையும் வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் 'கேக்கலை' என்று விட்டுவிடுகிறார்கள். முதல்முறை என்றால் நன்றாக ஆன பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். மனச்சிதைவில் முதல்முறை என்றாலும் ஒன்றிரண்டு வருடமாவது, சிலருக்கு நீண்ட காலம். பழகிப்போய் அடிமையாக்குமா என்றால், மனச்சோர்வு மாத்திரை அப்படி இல்லை. கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போடும் தூக்க மாத்திரை ஆக்கும்.

கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிரும்னு பெரியவங்க சொல்றாங்க.

ஆகாது. சரியாயிருந்த நோய் அந்தச் சமயத்தில் திரும்புவதுதான் அதிகம், ஏனென்றால் கல்யாண வேலையில் தூக்கம் போகும், புது வீட்டில் மாத்திரையை ஒளித்து வைத்து நிறுத்திவிடுவார்கள். நோய் உள்ளவர் கல்யாணம் செய்யக் கூடாதா என்றால், செய்யலாம். நன்றாகக் கட்டுக்குள் இருந்து குடும்பம் நடத்துகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், நமக்குச் சொல்வதில்லை.

மறைத்துச் செய்யாதீர்கள். இங்கே பையனுக்குப் பெண் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் தரகர் முதல் தாய்மாமன்வரை எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள். இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அதேசமயம், நோயின் பெயரை மட்டும் சொல்லி விவாகரத்து வாங்கிவிடவும் முடியாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது கடுமையா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது.

தற்கொலைக்கு முயற்சி பண்ற சீனெல்லாம் புள்ளைங்க பாக்கலாமுங்களா?

வெள்ளிக்கிழமை எபிசோட் அப்படித்தான் முடியும், திங்கள்வரை இழுக்க வேண்டுமே. எதை எடுத்தார், எப்படிச் செய்தார் என்று நெருக்கத்தில் காட்டக் கூடாது, ஒரு பிரச்சினைக்குத் தீர்வு போலக் காட்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லும் அறிவுரை. கோவை, திருப்பூர், ஈரோடு அவசரப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு இங்கே எது அதிகம் வருகிறது என்று தெரியும். அதே காரணத்தால் நானும் இங்கே எழுதவில்லை. பிள்ளை கூட உட்கார்ந்து பார்த்தால், சேனலை மாற்றுவதைவிட 'உனக்கு எப்பவாச்சும் இப்படித் தோணிருக்கா கண்ணு?' என்று கேட்டுவிடுவது மேல். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

காட்சியின் முடிவில் போலீஸ் வந்து கேஸ் போடும் என்று மிரட்டுவதும் பழைய கதை. முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு. ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்கும் குறிப்பு) எழுதுவது பதிவுக்காக. அதற்குப் பயந்து வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்து நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

இப்படியெல்லாம் காட்டறாங்களே, கேக்கறதுக்கு ஆளே இல்லையா?

சினிமாவுக்கு இருக்கும் சென்சார் சீரியலுக்குக் கிடையாது. ஒளிபரப்பான பிறகு புகார் செய்யலாம். 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் டி.வி. விதிகளின்படி, முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 15 நாளில் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு, அதற்கும் மேல் மத்திய அரசுக்கு. தேதி, நேரம், காட்சி மூன்றையும் குறிப்பிடுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலையில் ஒரு இந்திப் படம் தொடர்பான வழக்கில், ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களைக் கேலி செய்யவும் தவறாகக் காட்டவும் படைப்புச் சுதந்திரம் இடம் தராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிட்டால் கொஞ்சம் கவனித்துப் படிப்பார்கள்.

அக்கா, நான் ஒரு சீரியலுக்கு வசனம் எழுதற டீம்ல இருக்கேன். அப்ப எதைத்தான் எழுதறது?

சென்னைக்குப் போன எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் கேட்டது. திருப்பம்தானே வேண்டும், எவ்வளவு வேண்டும்? புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் அரிசி டின்னுக்குள் மாத்திரை அட்டையை ஒளித்து வைத்திருக்கிற மருமகள். ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் போட்டதும் ராத்திரி மாத்திரையை எப்போது போடுவது என்று தெரியாத பையன். தீபாவளி லீவில் மருந்து தீர்ந்துபோய் மூன்றாம் நாளே தூக்கம் கெடும் கணவன். ஓ.பி. வரிசையில் சொந்தக்காரரைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடும் அத்தை, பார்த்தால் அந்தச் சொந்தக்காரர் கையிலும் அதே சீட்டு. இதில் எதையும் நான் கற்பனை செய்யவில்லை. எடுத்துக்கொள்.

எங்க அத்தை, டிவியில அவங்களைப் பத்தித்தான் பேசறாங்கங்கறாங்க. டிவியைத் தூக்கிப் போட்டுரலாமுங்களா?

சீரியல் பாத்திரங்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், செய்தி வாசிப்பவர் தனக்குச் சாடை சொல்கிறார் என்று நம்புவது மனச்சிதைவிலும், கடுமையான மனச்சோர்விலும், மன எழுச்சியிலும் (மேனியா) வரக்கூடிய அறிகுறி. டி.வி. அதற்குக் காரணம் இல்லை. டி.வி.யை எடுத்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பேச்சு, ரோட்டில் போகிற வண்டியின் ஹாரன் என்று அது மாறிக்கொள்ளும். வயதானவர் என்றால் கண், காது இரண்டையும் சோதித்துப் பாருங்கள். மறதிநோயில், திரையில் இருப்பவர்கள் நடுவீட்டில் வந்து நிற்பதாகவும் தோன்றும்.

'அதெல்லாம் ஒண்ணுமில்லை' என்று வாதாடினால் உங்களையும் எதிர்க்கட்சியில் சேர்த்துவிடுவார். ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். 'எனக்கு அப்படிக் கேக்கலீங்க அத்தை, ஆனா உங்களுக்குப் பயமா இருக்குதுன்னு தெரியுது' என்று சொல்லலாம். பார்க்கும்போது தவிப்பு கூடினால், அவரிடம் கேட்டுவிட்டு அணைத்து வையுங்கள். எப்போதிலிருந்து இப்படிச் சொல்கிறார், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, புதிதாக ஏதாவது மருந்து ஆரம்பித்தாரா என்று ஒரு தாளில் எழுதி ஓ.பி.க்குக் கொண்டு போங்கள். டி.வி. தன்னை ஏதாவது செய்யச் சொல்கிறது என்று அவர் சொன்னால் மட்டும் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கூட்டிப் போங்கள்.